இருபது வயது சான்ட்ரோவின் ஹீட்டர், ஏசி வயரிங்: கோவை மேட்டுப்பாளையம் சாலை எலக்ட்ரிக்கல் கடையில் மூன்று நாள்

குன்னூரில் குடியிருந்துகொண்டு வாரத்தில் இரண்டு நாள் வேலை நிமித்தமாகக் கோவைக்கு இறங்கி ஏறுகிறவனுக்குக் காரில் ஹீட்டரும் வேண்டும், ஏசியும் வேண்டும். விடியற்காலையில் கிளம்பும்போது முன்கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்து சாலை தெரியாது. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கி மேட்டுப்பாளையம் சேர்ந்தால், சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார முடியாது. ஆகவே இந்த மதிப்புரையை, பழைய காரில் ஏசி ஓடவில்லை என்ற குறையோடு அலைகிறவர்களுக்காக மட்டுமன்றி, மலைப்பாதையில் கண்ணாடி மூடிப்போய் வண்டியை ஓரங்கட்டி நின்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2004-ஆம் ஆண்டின் சான்ட்ரோ ஜிங். என் தகப்பனார் வாங்கியது. அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன், விற்க மனம் வரவில்லை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து வந்தபோது போட்டிருந்த வயரிங்கில் இருபது ஆண்டுகளாக எந்தக் குறையும் கண்டதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் விவரிக்கும் கோளாறுகள் எல்லாம் வயதாலும், மழைநீராலும், எலியாலும், இடையில் கை வைத்தவர்களாலும் வந்தவை.

சென்ற ஆண்டு ஆடி மாத வாக்கில் புளோயரின் (ஹீட்டர், ஏசி காற்றைத் தள்ளும் விசிறியின்) முதல் மூன்று வேகங்களும் ஒரே நாளில் நின்றன. நான்காவது மட்டும் ஓடியது. இந்த அறிகுறி பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்ததுதான். புளோயர் மோட்டாருக்குப் போகும் கரண்டைக் குறைத்துக் கொடுப்பதற்காக ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது; முதல் மூன்று வேகங்களும் அதன் வழியாகச் செல்கின்றன, நான்காவது வேகம் அதைத் தொடாமல் நேராகச் செல்கிறது. ரெசிஸ்டரில் உள்ள வெப்பக் காப்பு ஃப்யூஸ் போய்விட்டால் மூன்று வேகங்களும் சேர்ந்தே நிற்கும். ஊரில் நான் வழக்கமாகச் செல்லும் கடையில் புது ரெசிஸ்டர் போட்டார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் போயிற்று. மறுபடியும் ஒன்று போட்டார்கள். கார்த்திகை மழையில் ஒரு மாலை, பர்லியாறு தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, பின் இருக்கையில் என் மனைவியும் மகளும் இருக்க, டேஷ்போர்டின் இடது பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. புளோயரை அணைத்தேன், வாடை நின்றது. அடுத்த நிமிடமே கண்ணாடி மூடிக்கொண்டது. துணியால் துடைத்துத் துடைத்துக் குன்னூர் சேர்ந்த அந்த அரை மணி நேரத்தை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். கோவை மேட்டுப்பாளையம் சாலையில், கவுண்டம்பாளையம் தாண்டித் துடியலூருக்கு முன்னால் இருக்கும் சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை அது. இரண்டு வண்டி நிறுத்தும் அளவுக்குத் தகரக் கொட்டகை, ஐம்பதைக் கடந்த உரிமையாளர், அவருடைய அக்கா மகன், இவ்வளவுதான். கைக்கு மீறி வேலை வருவதால் கடைப் பெயரையோ எண்ணையோ பொதுவில் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. ஆனால் அவர் வேலை செய்த முறையை எழுதுவதற்கு அவர் தடை சொல்லவில்லை, எழுத வேண்டியதும் அதைத்தான்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு வாட்டி ரெசிஸ்டர் மாத்துனாங்களே, மோட்டார் எத்தன ஆம்பியர் எடுக்குதுன்னு ஆராச்சும் பார்த்தாங்களாங்க?" என்பது. யாரும் பார்க்கவில்லை. குளோவ் பாக்ஸைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். மோட்டாருக்குப் போகும் வயர்களை இணைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கப்ளர் முறுகிய வெல்லப்பாகின் நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு பின் இருந்த ஓட்டை உருகி நீள்வட்டமாகியிருந்தது. பின்னின் பித்தளை நீலம் பாய்ந்திருந்தது. அதன்மேல் யாரோ சுற்றிய இன்சுலேஷன் டேப் இளகி, தொட்டால் விரலில் ஒட்டியது. பிறகு ஃப்யூஸ் பெட்டியின் மூடியைத் திருப்பி, அதில் அச்சிட்டிருக்கும் அளவையும் உள்ளே சொருகியிருந்த ஃப்யூஸையும் என்னையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இருக்க வேண்டியதைவிடப் பெரிய ஃப்யூஸ் இருந்தது. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாகப் போட்டால் ஃப்யூஸ் போகாது, வயர்தான் எரியும். இந்த ஒன்றை மட்டுமாவது பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றே தம் வண்டியில் பார்த்துவிட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தகட்டு ஃப்யூஸ்களுக்கு நிறமே அடையாளம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. மூடியில் உள்ள எண்ணுக்கு ஒத்த நிறம் இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அடுத்து அவர் செய்த சோதனைதான் இந்தக் கடைக்கும் நான் முன்பு பார்த்த கடைகளுக்கும் உள்ள வேறுபாடு. மற்ற இடங்களில் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்ப்பார்கள். விளக்கு எரிந்தால் கரண்ட் வருகிறது என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் ஒரு சிறு விளக்குக்குத் தேவையான கரண்ட், பாதி கருகிய பின் வழியாகவும் தாராளமாக வந்துவிடும். இருபது ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை ஓடவிட்டுப் பார்க்கும்போதுதான் எந்த இடத்தில் அடைப்பு என்பது தெரியும். அவர் என்ஜினை ஓடவிட்டு, புளோயரை நான்காவது வேகத்தில் வைத்து, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கத்திலும் வைத்து, எவ்வளவு வோல்ட் அங்கே தொலைகிறது என்று அளந்தார். அளந்ததை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். அந்தத் தாளை நான் வாங்கி வைத்திருக்கிறேன். பேட்டரியில் 13.9 வோல்ட். மோட்டாரின் வாயில் 10.6. இடையில் தொலைந்த 3.3 வோல்ட்டில் கப்ளரில் மட்டும் 1.4, ஃப்யூஸ் செருகும் இடத்தில் 0.9, எர்த் பக்கத்தில் 0.8, மற்ற இடங்களில் எல்லாம் சேர்த்து 0.2. கிளாம்ப் மீட்டரில் மோட்டார் எடுத்தது 21 ஆம்பியர்.

கப்ளரில் 1.4 வோல்ட் தொலைவது சிறிய விஷயம்போலத் தோன்றும். 21 ஆம்பியரோடு பெருக்கிப் பார்த்தால் அது 29 வாட். அவருடைய மேசையில் இருந்த சால்டரிங் அயனே 25 வாட்தான். அதாவது, அதைவிட அதிக வெப்பத்தை வெளியிடும் ஒரு பொருள் என் மகள் கால் வைக்கும் இடத்துக்கு மேலே, பிளாஸ்டிக்குக்கு நடுவில், மாதக்கணக்காக வெந்துகொண்டிருந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே உடல் நடுங்கியது.

மோட்டாரைக் கழற்றியதும் அது ஏன் இவ்வளவு கரண்ட் எடுத்தது என்பதற்கும் விடை கிடைத்தது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் உள்ள காற்று வரும் பள்ளம் முழுக்கச் சில்வர் ஓக் இலைகள் மக்கிக் கிடந்தன. எங்கள் வீட்டைச் சுற்றித் தேயிலைத் தோட்டம். அதில் நிழலுக்கு நிற்கும் மரங்கள் அவை. இலை அடைத்ததால் மழைநீர் வடியும் வழியில்லாமல் காற்றுக் குழாய் வழியாகப் புளோயருக்குள் இறங்கி, மோட்டாரின் தண்டும் புஷ்ஷும் துருவேறியிருந்தன. கையால் சுற்றினால் கரகரவென்று நின்று நின்று சுற்றியது. மோட்டார் இறுகியதால் கரண்ட் கூடியது. கரண்ட் கூடியதால் கப்ளரும் ரெசிஸ்டரும் சூடாயின. ரெசிஸ்டரைக் காற்றுப் பாதையிலேயே வைத்திருப்பது அது குளிர வேண்டும் என்பதற்காகத்தான். மோட்டார் மெதுவாகச் சுற்றியதால் குளிர்விக்கும் காற்றும் குறைந்து, இரட்டிப்பாக வெந்திருக்கிறது. இன்னும் பத்து ரெசிஸ்டர் வாங்கிப் போட்டிருந்தாலும் பத்தும் போயிருக்கும்.

ஏசியின் கதை வேறு. முந்தைய கோடையில் கம்ப்ரசர் அடிக்கடி நின்று நின்று ஓடியது. அப்போது வேறொரு கடையில் "டைரக்ட்" கொடுத்திருந்தார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சிறு சுவிட்ச் வைத்து, கம்ப்ரசரை என்ஜினோடு இணைத்து ஓடவிடும் மேக்னட் கிளட்ச்சுக்கு நேராகக் கரண்ட் போகும்படி செய்திருந்தார்கள். அன்று குளிர்ந்தது, நானும் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த "டைரக்ட்" எதையெல்லாம் தாண்டிப் போகிறது என்பதை இந்தக் கடைக்காரர் தாளில் வரைந்து காட்டியபோதுதான் அறிந்தேன். காஸ் குறைந்தாலும், அளவுக்கு மீறி அழுத்தம் ஏறினாலும் கம்ப்ரசரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயில் காஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. காஸ் கசிந்துபோன நிலையில் அது ஓடினால் ஆயில் இல்லாமல் உள்ளே உராய்ந்து பிடித்துக்கொள்ளும். கூலிங் காயிலில் பனிக்கட்டி கட்டும் அளவுக்குக் குளிர் இறங்கினால் கம்ப்ரசரை நிறுத்துவதற்கு ஒரு சென்சார் இருக்கிறது. "டைரக்ட்" இவை இரண்டையும் செயலற்றதாக்கியிருந்தது. மதுரைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டு, திண்டுக்கல் நெருங்கும்போது காற்றே வராமல் போனதற்கும், வண்டியை நிறுத்திய பிறகு கால்மிதியில் தண்ணீர் சொட்டியதற்கும் காரணம் இதுதான்: காயில் முழுக்கக் கட்டி பிடித்துக் காற்றுப் பாதையை அடைத்திருக்கிறது. அப்போது அதைக் காஸ் குறைவு என்று நினைத்துக் காஸ் நிரப்பினேன்.

உண்மையான கோளாறு இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால், பிரஷர் சுவிட்ச்சுக்குப் போகும் வயரில் இருந்தது. எலி கடித்து, இரண்டு இழை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. குண்டும் குழியுமான இடத்தில் தொடர்பு விட்டுவிட்டு வந்ததால் கம்ப்ரசரும் விட்டுவிட்டு ஓடியது. ஒரு சாண் வயர் மாற்றினால் முடிந்திருக்கும் வேலைக்காக, வண்டியின் பாதுகாப்பு ஏற்பாடுகள் முழுவதையும் கழற்றி ஓரம் வைத்திருந்தார்கள்.

வயரிங் செய்த விதத்தை நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன். ஒவ்வொரு வயரையும் வெட்டுவதற்கு முன் வெள்ளை டேப்பில் எண் எழுதி ஒட்டினார். கருகிய பகுதியை மட்டும் வெட்டாமல், உள்ளே செம்பு கருத்திருந்த தூரம் வரை பின்னோக்கிச் சென்று, பளிச்சென்று செம்பு தெரியும் இடத்தில் வெட்டினார். புளோயர் லைனுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டார். இணைப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் போடாமல் விரல் அகலத்துக்கு விரல் அகலம் தள்ளித் தள்ளிப் போட்டார்; அப்படிச் செய்தால் கட்டு தடிக்காது, ஒன்றோடொன்று உரசவும் வாய்ப்பில்லை. முறுக்கி டேப் சுற்றும் வேலையே இல்லை. கிரிம்பிங் பிளையரால் ஸ்லீவை அழுத்தி, அதன்மேல் சூடுபட்டுச் சுருங்கும் குழாயைப் போட்டு, எல்லாவற்றையும் துணி டேப்பால் சுற்றினார். ஏன் பற்றவைக்கவில்லை என்று கேட்டதற்கு, ஈயம் வயருக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், வண்டி குலுங்கக் குலுங்க அதன் ஓரத்திலேயே ஒடியும் என்றார். எர்த் வயரை, பெயிண்ட் சுரண்டிய தகட்டில் லக் போட்டு முறுக்கினார். சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயும் புதிது மாற்றினார். பழையதன் காண்டாக்டுகள் கருகியிருப்பதை மூடியைத் திறந்து காட்டிய பிறகுதான் மாற்றினார். ஸ்டீயரிங்குக்குக் கீழிருந்த அந்தச் சுவிட்சையும் அதன் வயரையும் முழுவதுமாக உருவி எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஹீட்டர் பக்கம் இன்னொன்றும் கண்டுபிடித்தார். என் வண்டியில் ஹீட்டருக்கென்று தனியாகக் கரண்ட் கம்பிச்சுருள் கிடையாது. என்ஜினைக் குளிர்விக்கும் சுடுநீர்தான் ஒரு சிறு ரேடியேட்டர் வழியாக வந்து காற்றைச் சூடாக்குகிறது. வயரிங் என்று பார்த்தால் அதற்கும் ஏசிக்கும் பொதுவான புளோயர் ஒன்றுதான், வெப்ப அளவை மாற்றுவது கேபிள். அந்தக் கேபிளின் கிளிப் கழன்று, நான் குமிழை நீல முனைக்குத் திருப்பினாலும் உள்ளே கதவு முழுவதும் மூடாமல் கொஞ்சம் சூடான காற்றையும் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஏசி சுமாராகக் குளிர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கிளிப்பைப் போட்டு இழுவையைச் சரிசெய்ததற்கு அவர் தனியாகக் காசு வாங்கவில்லை.

முடிந்த பிறகு அதே சோதனையை மறுபடி செய்து காட்டினார். மோட்டார் எடுத்தது 13 ஆம்பியர்; வழியில் தொலைந்தது மொத்தமாக 0.6 வோல்ட். இருபது நிமிடம் நான்காவது வேகத்தில் ஓடவிட்டுவிட்டு, கப்ளரை என் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்புகூட இல்லை.

செலவு: மோட்டார் 2,200 ரூபாய், ரெசிஸ்டர் 450, ரிலே 180, வயர், கப்ளர், ஸ்லீவ் முதலியவை 600, கூலி 2,500, ஆக மொத்தம் 5,930. மோட்டாரும் ரெசிஸ்டரும் வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வந்தவை அல்ல, வெளிச்சந்தைப் பொருள். அதை முன்கூட்டியே சொல்லி, இரண்டின் விலையையும் கூறி, என் சம்மதம் கேட்டுத்தான் வாங்கினார். மோட்டாருக்கு ஆறு மாத உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார். கழற்றிய பழைய பொருள்கள் அத்தனையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுத் திரும்பக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. ஒன்றரை நாள் வேலை என்று சொன்னது மூன்று நாளாயிற்று. மோட்டார் வாங்கப் போன இடத்தில் இருப்பு இல்லை என்பதை நான் போன் செய்து கேட்ட பிறகுதான் சொன்னார். அந்த மூன்று நாளும் நான் பேருந்தில் மலை ஏறி இறங்கினேன். வேலை நடக்கும்போது அவர் போன் எடுப்பதே இல்லை. செலவு மதிப்பீட்டை எழுதித் தரும் வழக்கம் இல்லை. வாய்க்கணக்காகச் சொன்னதைவிட 700 ரூபாய் கூடியது. ரிலேயும் எர்த் வேலையும் முதலில் தெரியவில்லை என்ற காரணம் நியாயமானதுதான், ஆனாலும் ஒரு சொல் முன்னதாகச் சொல்லியிருக்கலாம். காத்திருப்பவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் தவிர வேறு வசதி இல்லை. வயதானவர்களை அழைத்துக்கொண்டு போக வேண்டாம். காஸ் நிரப்பும் இயந்திரமும் அவரிடம் இல்லை. காஸ் வேலை இருந்தால் வேறு கடைக்குத்தான் போக வேண்டும்; எங்கே போகலாம் என்று கேட்டால் சொல்கிறார்.

இதை எழுதும்போது நான்கு மாதங்கள் கடந்துவிட்டன. மார்கழிப் பனியில் காட்டேரி வளைவுகளில் இரண்டாவது வேகத்தில் ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்தே போட்டு ஓட்டினேன். அப்படிப் போடுவதை வீண் என்று பலர் நினைக்கிறார்கள். கூலிங் காயில் காற்றின் ஈரத்தைப் பிழிந்து எடுத்துவிடுகிறது, ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது, அதனால் வெறும் ஹீட்டரைவிடச் சீக்கிரம் கண்ணாடி தெளிகிறது. என் வண்டியில் இரண்டு நிமிடத்துக்குள் சாலை தெரிந்தது. பங்குனி வெயிலில் மதுரைக்கும் ஒருமுறை போய்வந்தேன். திண்டுக்கல் தாண்டியும் காற்று குறையவில்லை, கம்ப்ரசர் தானாக நின்று தானாக ஓடுவதைக் காதால் கேட்க முடிந்தது. வைப்பருக்கு அடியில் இலை விழாமல் இருக்க அவர் வைத்துத் தந்த கொசுவலைக் கம்பியை மாதம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்கிறேன்.

போக நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்து, வார நடுவில் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவது நல்லது, ஞாயிறு விடுமுறை. இதற்கு முன் வேறு கடையில் மாற்றிய பொருள்கள் இருந்தால் அவற்றையும் பில்லையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அவர் கேட்பார். வேலை தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுவார் என்பதால், ஸ்டீரியோவுக்குப் பாதுகாப்புக் குறியீட்டு எண் உள்ள வண்டியாக இருந்தால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.